பிறக்காத கம்பெனிக்குக் கட்டிய முன்பணம்

கேள்வி: சமையலறை அலமாரி செய்து தருவதாகச் சொன்னவருக்கு 35,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். ரசீதில் கம்பெனிப் பெயரும் "பிரைவேட் லிமிடெட்" என்பதும் அச்சாகியிருக்கின்றன. மூன்று மாதமாக ஆசாரி வரவில்லை. கேட்டால், "கம்பெனிப் பதிவு இன்னும் வரவில்லை. பணம் வாங்கியது கம்பெனி, நான் இல்லை" என்கிறார்.
— வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அம்மா, பதிவு வரவில்லை என்றால் கம்பெனியே இல்லை. இல்லாத கம்பெனி எப்படிக் கை நீட்டிப் பணம் வாங்கும்? வாங்கியவர் அவர்தான். திருப்பித் தர வேண்டியவரும் அவர்தான்.

கம்பெனிகள் சட்டம் 2013-இன் 9ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள தேதியிலிருந்துதான் கம்பெனிக்குச் சொத்து வாங்கவும், ஒப்பந்தம் போடவும், வழக்காடவும் உரிமை. அதற்கு முன்பு போடும் கையெழுத்து கையெழுத்துப் போட்டவரையே கட்டும். 1866-இல் இங்கிலாந்தில் இதே தகராறு நீதிமன்றம் ஏறியது. இன்னும் உருவாகாத ஓட்டல் கம்பெனிக்காகச் சிலர் ஒயின் வாங்கினார்கள். ஒயின் தீர்ந்தது, பணம் வரவில்லை. "கம்பெனிக்காகத்தான் வாங்கினோம்" என்ற வாதம் எடுபடவில்லை. கையெழுத்திட்டவர்களே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. நம் நாட்டில் 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது: கம்பெனி பதிவான பிறகு, தனக்காகப் போட்ட பழைய ஒப்பந்தத்தை ஏற்று, அதை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கலாம். உங்களுக்கு அப்படி ஒரு கடிதமும் வரவில்லை.

இந்தத் தந்திரத்தில் நானும் பணம் இழந்திருக்கிறேன். தண்டையார்பேட்டையில் குடியிருந்தபோது 18,500 ரூபாய்க்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினேன். உத்தரவாத அட்டையில் பதிவு எண்ணுக்கான கட்டத்தில் ஊதா மையில் "பதிவு நிலுவையில்" என்று ஒரு ரப்பர் முத்திரை, கொஞ்சம் கோணலாக. பார்த்தேன், ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழாம் மாதம் பேட்டரி வீங்கிவிட்டது. போய்ப் பார்த்தால் அதே கடை, அதே மனிதர், மேலே வேறு பெயர்ப்பலகை. "அந்தக் கம்பெனி பதிவாகவே இல்லை, இது வேறு" என்றார். அவர் மீதே புகார் கொடுக்கலாம் என்று அன்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் திரும்பி வராதீர்கள். அவருடைய சொந்தப் பெயருக்கும் வீட்டு முகவரிக்கும் பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். கைபேசி வழியாகப் பணம் அனுப்பியிருந்தால், அது யார் கணக்கில் விழுந்தது என்று வங்கியிலிருந்து எழுத்தில் வாங்குங்கள். 15 நாளில் பணம் வராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அவரையே எதிர்மனுதாரராகப் போட்டுப் புகார் கொடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. புகாரை இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழி கேட்க 1915 என்ற எண் இருக்கிறது.

கேள்வி: கம்பெனிப் பெயர் ஒதுக்கப்பட்ட கடிதத்தைக் காட்டினார்கள். அது போதுமா?
— கொளத்தூர்

பதில்: போதாது. அது 20 நாளுக்குப் பெயரைப் பிடித்து வைக்கும் கடிதம்.

கேள்வி: மாதவரம் பக்கம் அடுக்குமாடி வீட்டுக்கு 2 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன். ரெரா (கட்டட, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) எண் "அடுத்த வாரம்" வரும் என்றார்கள். ஓராண்டாகிறது. ரசீது வாங்கவில்லை. தரகர் நல்ல மனிதராகத் தெரிந்தார்.
— பெரம்பூர்

பதில்: கத்தரிக்காய் வாங்கினாலே திருப்பிப் பார்த்துப் பொறுக்குகிறோம். 2 லட்சத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்கவில்லையா? 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமும் எட்டுக்கு மேல் வீடுகளும் உள்ள திட்டமென்றால், ரெராவில் பதியாமல் விளம்பரம் செய்வதும் முன்பதிவு வாங்குவதும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி குற்றம். அவர்கள் செய்தது தவறுதான். ஆனால் நீங்கள் பணம் கொடுத்ததற்கு முதலில் அத்தாட்சி வேண்டும். வங்கியிலிருந்து ரொக்கம் எடுத்த தேதி, தரகரோடு நடந்த குறுஞ்செய்திகள், கூட வந்தவர் யார் என்பதையெல்லாம் இன்றே எழுதிவைத்துவிட்டு ரெரா அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: வண்ணாரப்பேட்டையில் ஆயத்த ஆடைக் கடை போடப்போகிறேன். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். தீபாவளி நெருங்குகிறது, இப்போதே விற்கலாமா?

பதில்: கேட்டுவிட்டுச் செய்ய நினைத்ததற்கே நன்றி, தம்பி. உங்கள் சொந்தப் பெயரில், சொந்தப் பொறுப்பில் தனிநபர் கடையாக விற்கலாம். அதற்கு வேண்டிய உரிமங்கள் இருக்கட்டும். பலகையிலோ பில்லிலோ "பிரைவேட் லிமிடெட்" என்று போடாதீர்கள். பதிவாகாமல் அதைப் போட்டு வியாபாரம் செய்தால் நாளொன்றுக்கு 500 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது கம்பெனிகள் சட்டத்தின் 453ஆம் பிரிவு. சான்றிதழ் வந்ததும் வேலை முடிந்துவிடாது. பங்குப் பணத்தைக் கட்டி, கட்டிவிட்டோம் என்ற உறுதிமொழியை 180 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் கம்பெனி வியாபாரம் தொடங்கவோ கடன் வாங்கவோ கூடாது. தீபாவளிச் சரக்குக்கு முன்பணம் வாங்கினால் ரசீதில் உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கட்டும்.

கேள்வி: சீட்டு கம்பெனி "பதிவுக்குக் கொடுத்திருக்கிறோம்" என்று முதல் தவணை கேட்கிறது.
— திருவொற்றியூர்

பதில்: கட்டாதீர்கள். முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு தொடங்கவே கூடாது என்பது 1982-ஆம் ஆண்டுச் சட்டம்.

கேள்வி: கம்பெனி உண்மையிலேயே பதிவானதா என்று எப்படிப் பார்ப்பது?
— வியாசர்பாடி

பதில்: பில்லிலும் கடிதத்தாளிலும் 21 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாள எண் இருக்க வேண்டும். நம் மாநிலத்துக் கம்பெனி என்றால் நடுவில் தமிழ்நாட்டைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளும், அடுத்துப் பதிவான ஆண்டும் வரும். அந்த எண்ணை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் போட்டால் பெயரும் முகவரியும் பதிவுத் தேதியும் தெரியும். அந்தத் தேதி உங்கள் ரசீதின் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், ரசீதில் கையெழுத்திட்டவர் யார் என்று பாருங்கள்.