சுரங்கம் தோண்ட முடிவு பண்றப்போ நம்ம எம்.பி.க்கள் எங்க இருக்காங்க?

கேள்வி: மதுரை பக்கத்துல அரிட்டாபட்டியில டங்ஸ்டன் கனிமத்துக்குச் சுரங்கம் தோண்டுற விஷயம் ஏலம் முடிஞ்சப்புறம்தான் எங்க காதுக்கே வந்துச்சு. இதையெல்லாம் கேள்வி கேக்க பார்லிமென்ட்ல கமிட்டி இருக்காமே, அவங்க என்ன பண்ணாங்க? (வாசகர், மேலூர்)

கமிட்டி இருக்குங்க. நிலக்கரி, சுரங்கம், எஃகு மூணுக்கும் சேர்த்து ஒரு நிலைக்குழு (ஸ்டாண்டிங் கமிட்டி), மின்சாரம், சோலார், காற்றாலைக்கு எரிசக்தி நிலைக்குழு, பெட்ரோலியத்துக்குத் தனியா ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் மக்களவையில இருந்து 21 பேர், மாநிலங்களவையில இருந்து 10 பேர், மந்திரிங்க யாரும் உறுப்பினரா இருக்க முடியாது. துறைச் செயலாளரையே வரவழைச்சு நேருக்கு நேர் கேள்வி கேக்கலாம், அந்த அளவுக்கு அதிகாரம் இருக்கு.

ஆனா ஒரு மசோதா தானா அங்க போகாது, அவைத் தலைவர் அனுப்பினாத்தான் போகும். உங்க ஊர் விஷயத்துல கோட்டை விட்டது இங்கதான். டங்ஸ்டன், லித்தியம் மாதிரி 24 கனிமங்களை ஏலம் விடுற உரிமையை மாநிலங்கள் கையில இருந்து எடுத்து மத்திய அரசுக்கே குடுத்த சட்டத் திருத்தம் 2023 ஜூலை 26 அன்னிக்கு மக்களவைக்கு வந்துச்சு, 28-ம் தேதி மணிப்பூர் பிரச்சினையில சபையே அமளியா இருந்தப்போ பாஸ் ஆயிடுச்சு, ஆகஸ்ட் 2 மாநிலங்களவையிலயும் முடிஞ்சது, கமிட்டி பக்கமே போகல. மாநிலத்தோட உரிமையையே மாத்துற சட்டத்துக்கு ஒரு வாரம் போதுமா? எனக்கு இன்னிக்கும் ஆறவே இல்ல.

அடுத்த வருஷம் நவம்பர்ல ஏலத்துல ஜெயிச்சது ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனின்னு அறிவிச்சாங்க. கிட்டத்தட்ட 5,000 ஏக்கர், அதுக்குள்ள தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரிய தலமும் வருது, சமணர் படுகையும் தமிழ் பிராமி கல்வெட்டும் இருக்குற மலை அது. டிசம்பர் 9-ம் தேதி நம்ம சட்டசபை எதிர்ப்புத் தீர்மானம் போட்டுச்சு, முன்னாடியே ஏன் எதிர்க்கலன்னு மத்திய அரசு கேக்க, நாங்க எதிர்த்தோமேன்னு மாநில அரசு சொல்ல, அது ஒரு பக்கம் ஓடுச்சு. ஜனவரியில மேலூர்ல இருந்து மதுரைக்கு ஜனங்க பேரணி போனாங்க, 2025 ஜனவரி 23 ஏலம் ரத்து. ஜனங்க ரோட்டுக்கு வந்து பேசினதை ஒரு மசோதா கமிட்டியில முன்கூட்டியே பேசியிருக்கலாம்.

கேள்வி: கமிட்டி சொன்னா அரசாங்கம் கேட்டே ஆகணுமா? (வாசகர், நெய்வேலி)

கட்டாயம் இல்ல. பரிந்துரையை ஏத்துக்கிட்டாங்களா இல்லையான்னு மூணு மாசத்துல பதில் சொல்லணும், அவ்வளவுதான். அதுக்காக வேஸ்ட்னு தள்ளிடாதீங்க. 1993-ல இருந்து 2008 வரைக்கும் நிலக்கரிச் சுரங்கங்களை ஒதுக்கின முறையே தப்பு, உற்பத்தி ஆரம்பிக்காததை எல்லாம் ரத்து பண்ணுங்கன்னு 2013 ஏப்ரல்லயே நிலைக்குழு எழுதிக் குடுத்துச்சு, தலைவர் திரிணமூல் எம்.பி. கல்யாண் பானர்ஜி. அரசு அப்பவே கேட்டிருந்தா தானே சரி பண்ணியிருக்கலாம். கடைசியில 2014 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் 204 ஒதுக்கீட்டை ரத்து பண்ண வேண்டியதாச்சு.

இன்னொண்ணு, மசோதா கமிட்டிக்குப் போனா வழக்கமா பொதுமக்கள் கருத்து கேட்டு பேப்பர்ல விளம்பரம் வரும், யார் வேணா எழுதி அனுப்பலாம். அதனால கனிமம், மின்சாரம் சம்பந்தமா மசோதா வருதுன்னு தெரிஞ்ச உடனே உங்க எம்.பி. ஆபீஸுக்கு ஒரு லெட்டர் போடுங்க, இதைக் கமிட்டிக்கு அனுப்பச் சொல்லி சபையில எழுந்து கேளுங்கன்னு.