நிலைத்தொகை ஒப்பந்தத்தில் கூடுதல் ஆட்களுக்குப் பணம் கேட்கலாமா?

ஆள் கூடிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கேட்க முடியாது. ஈரோட்டில் உங்கள் அறக்கட்டளை நடத்தும் இரவுக் காப்பகத்துக்கு, 40 பேர் என்று கணக்கிட்டு, பணம் தருபவரோடு ஆண்டுக்கு ஒரே தொகை பேசியிருக்கிறீர்கள். மஞ்சள் வரத்துக் காலத்தில் 60 பேர் தங்கினாலும், ஆடியில் 25 பேர் தங்கினாலும் அத்தொகை மாறாது என்பதே நிலைத்தொகையின் பொருள்.

தலைக்கு இவ்வளவு என்னும் ஒப்பந்தத்தோடு இதைக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2020-இல் கொரோனாவின்போது இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளுக்குச் சிகிச்சை எண்ணிக்கையைப் பாராமல் மாதத்தொகை வழங்கியதும் நிலைத்தொகை வகைதான்.

இருந்தாலும், ஒப்பந்த இணைப்பில் 40 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘உத்தேசம்’ என்றிருந்தால் சுமை உங்களுடையது. ‘உச்சவரம்பு’ என்றிருந்தால் 41-ஆவது நபரிலிருந்து தனியாகப் பேச உங்களுக்கு இடமுண்டு. தொகையை இடையில் மாற்றிப் பேச இடம்தரும் மறுபரிசீலனை விதி இருந்தால், அடுத்த தவணைக்கு முன்பே, வருகைப் பதிவேட்டின் நகலோடு எழுத்து மூலம் கேளுங்கள். இரவு பதினொரு மணிக்கு நனைந்து வருபவரை இரக்கப்பட்டு உள்ளே விட்டுவிட்டுப் பெயரை எழுதாமல் விடாதீர்கள். அந்த வரிகள்தான் உங்கள் சான்று.

ஆனால் ஒப்பந்தத்தில் ‘மானியம்’ என்ற சொல் இருந்தால் நிலைமை வேறு: பணம் உரிய காரியத்துக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும், செலவழியாத தொகையைத் திருப்பிக் கட்டவும் வேண்டியிருக்கும்.