டாக்டர் சீட் கிடைக்கவில்லை, மூளை ஆராய்ச்சிக்கு வழி இருக்கிறதா?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ உயிரியலில் நல்ல மதிப்பெண். நீட் கைகொடுக்கவில்லை. பாட்டியின் பார்க்கின்சன் நோயைப் பார்த்தே வளர்ந்த பெண், மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றி ஓடும் நீரை வைத்து நோயைக் கண்டறியும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாளாம். "முதுகில் ஊசி குத்துகிற வேலையா ஐயா? அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்பது தாயாரின் கவலை.

அம்மா, ஊசியை முதலில் ஓரம் வைத்துவிடுவோம். அதைப் போடுவது மருத்துவர். 1891-லேயே ஜெர்மனியின் குவின்கே என்ற மருத்துவர் தொடங்கிவைத்த முறை அது. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்கும். அதனால் 'நீர் எடுத்தால் கால் விழுந்துவிடும்' என்று நம் பக்கத்தில் சொல்லும் பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கும். உங்கள் மகளின் வேலை, குழாய்க்குள் வந்து சேர்ந்த நீரிடமிருந்துதான் தொடங்குகிறது.

பெரியவர்கள் உடலில் இந்த நீர் ஏறத்தாழ 150 மில்லிதான். ஆனால் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரந்து, பழையது வடிந்துகொண்டே இருக்கிறது. மூளையில் நடப்பதன் சுவடு அதில் கலந்து வரும். காசநோய் மூளைக்காய்ச்சல் என்றால் நீரில் சர்க்கரை குறையும், புரதம் ஏறும். இது மருத்துவமனை ஆய்வகத்தின் அன்றாட வேலை. அல்சைமரில் அமிலாய்டு 42 என்ற புரதம் குறைந்து, டௌ என்ற புரதம் கூடும். பார்க்கின்சனில் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் உருக்குலைந்து கட்டிப்போகிறது. நோயாளியின் நீரில் ஒரு துளியை, ஆய்வகத்தில் தயாரித்த நல்ல புரதத்தோடு சேர்த்துக் குலுக்கிக்கொண்டே இருப்பார்கள். நீரில் உருக்குலைந்த புரதம் இருந்தால் நல்லதும் அதைப் பார்த்துக் கட்டிப்போகத் தொடங்கும், உடன் கலந்த சாயம் ஒளிரும். உங்கள் மகள் சொல்வது பெரும்பாலும் இந்தச் சோதனையைத்தான். நோயைக் காட்டிக்கொடுக்கும் இந்தச் சோதனை அதைக் குணப்படுத்தாது. அதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். அமிலாய்டு, பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்த குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குழாயைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலே அளவு குறைந்து, இல்லாத நோய் இருப்பதுபோல் தெரியும். பாலிப்ரொப்பிலின் குழாயில்தான் எடுக்க வேண்டும். நீரில் உள்ள செல்களும் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும், தாமதித்தால் எண்ணிக்கை பொய்யாகும். இந்த நுணுக்கத்தில் சலிப்படையாத பெண்ணா உங்கள் மகள்? நீட் மதிப்பெண்ணைவிட எனக்கு இந்தக் கேள்விக்கான பதில்தான் முக்கியம்.

இனி படிப்பு. 'நியூரோ' என்ற சொல்லைப் பெயரில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் இளநிலைப் படிப்புகளின் விளம்பரப் பலகைகள் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் முளைக்கின்றன. அதில் பணத்தைப் போடாதீர்கள். இந்தத் துறைக்கு அடித்தளம் வேதியியலும் உயிர்வேதியியலும். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்தாலும் பாதை மூடாது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. மூன்றாம் ஆண்டில் 'ஜாம்' என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிஎச்.டி.யோடு இணைந்த படிப்பு என்று கதவுகள் இருக்கின்றன. அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால், 2023-லிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. யார் சம்பளம் கொடுப்பார்கள் என்றீர்களே, படிக்கும் காலத்திலேயே அரசு கொடுக்கிறது.

கசப்பான பக்கமும் உண்டு. பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, பிஎச்.டி. ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள். அவளுக்கு இருபத்தெட்டு வயதாகும்போதுதான் ஆய்வாளராக நிற்பாள், அப்போதும் நிரந்தர வேலை உறுதியில்லை. வீட்டுக்கு விரைவில் வருமானம் தேவை என்றால் பி.எஸ்சி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கட்டும். தமிழக அரசின் துணை மருத்துவக் கலந்தாய்வுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். அதே நீரைத்தான் அங்கும் சோதிப்பாள். ஏறத்தாழ நான்கு ஆண்டில் சம்பளம் வரும், பின்னர் எம்.எஸ்சி. போக விரும்பினால் போகலாம். கடன் இருக்கும் வீடு என்றால் எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். இல்லையென்றால் முதல் வழியில் விடுங்கள்.

வெகுதூரம் அனுப்ப வேண்டுமே என்றும் எழுதியிருக்கிறீர்கள். நோயாளியை அழைத்துப் போகும் இடமாகத்தான் நம்மவர்களுக்கு நிமான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தைத் தெரியும். ஓசூர் தாண்டிப் பெங்களூருக்குள் நுழைகிற அதே ஓசூர் சாலையில் இருக்கும் அந்த நிறுவனத்தில் நரம்பியல் ஆராய்ச்சிக்கும் பிஎச்.டி. உண்டு. நம் மாவட்டத்தை ஒட்டிய கோலாரில், சீனிவாசபுரத்துக் கிராமங்களில் 45 வயது கடந்தவர்களின் நினைவாற்றலை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வைப் பெங்களூரின் மூளை ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. வேலூர் சி.எம்.சி.யும் பக்கம்தான்.

கல்லூரி பார்க்கப் போகும்போது மகளையும் அழைத்துப் போங்கள். முதல்வர் அறையோடு திரும்பாமல் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். நீரை அளந்தெடுக்கும் பிப்பெட்டும், சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜும் மாணவர்கள் கையில் புழங்குகின்றனவா, அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா என்று அவளே பார்க்கட்டும். சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இன்னும் வாங்கவில்லை என்றால் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு நேரத்தில் அங்கே கூட்டம் அலைமோதும்.