ஸ்டென்ட் எடுக்க ஒருமுறைக் கருவி: கூடுதல் கட்டணம் எப்போது தகும்?

ஊத்தங்கரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: கணவரின் சிறுநீர்க்குழாய்க் கல்லை லேசரில் உடைத்து, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீர் தடையின்றி இறங்க டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்திருக்கிறார்கள், 4 வாரத்தில் எடுக்க வேண்டும். கிருஷ்ணகிரித் தனியார் மருத்துவமனையில், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் கருவிக்கென்று தனிக் கட்டணம் சொல்கிறார்கள். அது அவசியமா?

ஸ்டென்ட் எடுப்பது சில நிமிட வேலைதான். சிறுநீர்த் துவாரத்தில் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைச் செலுத்தி, கேமரா உள்ள குழாயைச் சிறுநீர்ப்பைக்குள் நுழைத்து, அங்கே சுருண்டிருக்கும் ஸ்டென்ட் நுனியைக் கொக்கியால் பற்றி வெளியே இழுத்துவிடுவார்கள். ஒருமுறைக் கருவியில் அந்தப் பற்றுக்கொக்கி குழாயோடு சேர்ந்தே வருவதால், அறுவை அரங்குக்குப் போகாமல் வெளிநோயாளர் அறையிலேயே வேலை முடிந்துவிடும். கழுவிக் கிருமி நீக்கும் வேலையும், பழுதுபார்க்கும் செலவும் மருத்துவமனைக்கு இல்லை.

ஆகவே, கருவியின் விலையை மட்டும் பார்க்காமல், அது இல்லாவிட்டால் எந்த முறையில் எடுப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய வளையும் சிஸ்டோஸ்கோப் (சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் கேமராக் குழாய்) அங்கே இருந்து, அதை முறையாகக் கிருமி நீக்குகிறார்கள் என்றால், கூடுதலாகக் கொடுப்பதற்கு வலுவான காரணம் இல்லை. வளையாத உலோகக் கருவி மட்டுமே இருந்தால் கணக்கு மாறுகிறது. ஆண்களின் சிறுநீர்வழி நீண்டு வளைந்திருப்பதால், அக்கருவிக்கு முதுகில் மயக்க ஊசி போடுவார்களானால், அரங்குக் கட்டணம், மயக்க மருத்துவர் கட்டணம், படுக்கை வாடகை, இழக்கும் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒருமுறைக் கருவியே மலிவாக முடியலாம். பெண்களுக்குச் சிறுநீர்வழி குட்டை என்பதால் பெரும்பாலும் இந்தக் கேள்வியே எழாது.

பணம் கொடுப்பதென்றால், உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். ஒருமுறைக் கருவியைக் கழுவி அடுத்தவருக்குப் பயன்படுத்தினால், நீங்கள் கொடுத்த பணத்துக்குப் பொருளே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு முழுக் கருவி மருத்துவக் கழிவாகிறது என்பதும் இதன் விலைதான், ரசீதில் வராவிட்டாலும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பணம் புரளட்டும் என்று நாளைத் தள்ளாதீர்கள். 3 மாதத்தைத் தாண்டிய ஸ்டென்டின்மேல் உப்புப் படிந்து கல்லாகிவிட்டால், அதை எடுக்கவே இன்னோர் அறுவை தேவைப்படலாம். காப்பீட்டு அட்டை இருந்தால், கல் அகற்றும் தொகையிலேயே ஸ்டென்ட் எடுப்பதும் அடங்கியிருக்கிறதா என்று விசாரியுங்கள். எடுத்தபின் ஓரிரு நாள் எரிச்சலும் இலேசான இரத்தக் கசிவும் இருக்கலாம். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.