முதல்ல வீட்டுக்கு, அப்புறம்தான் குழுவுக்கு

(வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர் சேலத்துக்காரர். இந்தியக் கடலோரக் காவல் படையின் விமானப் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, பிரதான் சகாயக் இன்ஜினியராக ஓய்வு பெற்றவர். இப்போது ஏற்காட்டில் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.)

கே: சேலத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? வருஷா வருஷம் ஏற்காட்டில் கோஸ்ட் கார்டு விமானக்காரர்கள் கூடுகிறீர்களாமே, அப்படி என்னதான் பேசுவீர்கள்?
– வாசகர், ஓமலூர்

ப: ஒரு சம்பந்தமும் இல்லைங்க, அதனால்தான் இங்கே கூடுகிறோம். சென்னையில் வைத்தால் பாதிப் பேர் “மதியம் ஒரு வேலை இருக்கு” என்று நழுவிவிடுவார்கள். கோவாவில் வைத்தால் வீட்டுக்காரம்மாக்கள் விடமாட்டார்கள், காரணத்தை நான் எழுதத் தேவையில்லை. ஏற்காடு என்றால் பேரன் பேத்தியோடு கிளம்பி வந்துவிடுகிறார்கள். பிப்ரவரி 1 எங்கள் படையின் நாள். 1977-ல் அன்றைக்குத்தான் இடைக்கால அமைப்பாகத் தொடங்கினார்கள், 1978 ஆகஸ்டில் சட்டப்படி படையானது. அந்தத் தேதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் கூடுவோம். தோட்டத்தில் பழம் பறித்து முடிந்து எனக்கும் கை கொஞ்சம் ஓய்ந்திருக்கும்.

சங்கம், பதிவு எண், தலைவர், பொருளாளர் எதுவும் கிடையாது. தலைவர் என்று ஒருவர் வந்தால் மறு வருஷமே எதிர்க்கோஷ்டி வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். ஒரே ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு. யார் எந்த ஊரில் இருக்கிறார், போன் நம்பர், ரத்தப் பிரிவு, வீட்டில் அடுத்து யாரிடம் பேச வேண்டும் என்று எழுதியிருக்கும்.

பணியில் இருக்கும் பையன்களும் லீவு கிடைத்தால் வருவார்கள். அவர்கள் வந்தால்தான் களை கட்டும். சென்னையில் 2022-ல் 840 ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு துருவ் மார்க்-3 ஹெலிகாப்டர்களோடு தொடங்கியது. அதில் வேலை பார்த்த ஒரு பையன் வந்திருந்தான். 1982-ல் கோவாவில் எங்கள் படையின் முதல் விமானப் பிரிவான 800 ஸ்குவாட்ரன் சேத்தக் ஹெலிகாப்டர்களோடு தொடங்கியதிலிருந்து பார்த்த பெரியவர் ஒருவர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து குறுக்கு விசாரணை நடத்தினார். “ரெண்டு இன்ஜினா? ஒண்ணு நின்னா இன்னொண்ணு தூக்கிட்டு வந்துருமா? அடேங்கப்பா, நாங்க ஒத்தை இன்ஜினோட கடலுக்கு மேல போனோம்டா!” அந்தப் பையனுக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவருக்குக் கொஞ்சம் பொறாமை என்றுதான் எனக்குப் பட்டது.

பழைய கதைகளும் உண்டு. 1999-ல் அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பானியக் கப்பலைக் கடற்கொள்ளையர்கள் கடத்தி, பெயரை மாற்றி அரபிக்கடல் பக்கம் ஓட்டிப்போனார்கள். எங்கள் விமானம் அதைத் தேடிக் கண்டுபிடித்தது, எங்கள் தாராபாய் கப்பல் துரத்தியது, கடைசியில் கடற்படையின் பிரஹார் கப்பல் வந்து சேர்ந்த பிறகு 15 பேரைப் பிடித்தார்கள். இந்தக் கதையைச் சொல்பவர் ஒவ்வொரு வருஷமும் அலையை இன்னும் கொஞ்சம் உயர்த்துவார். நாங்கள் தடுப்பதில்லை.

ரோந்து எங்கே, எத்தனை விமானம் என்பது மட்டும் பையன்கள் வாயில் வராது. நாங்களும் கேட்கமாட்டோம்.

இன்னொன்று, எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். எங்கள் ரோந்து விமானமான டோர்னியரின் டர்போப்ராப் இன்ஜின் தரையில் ஓடும்போது போடும் கூச்சல் அப்படி. அதன் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்ற காதுகள். போன முறை பக்கத்து அறையில் தேனிலவுக்கு வந்திருந்தவர்கள் லாட்ஜ் மேனேஜரிடம் புகார் செய்தார்கள். சண்டை என்று நினைத்துவிட்டார்களாம்.

கே: கடலில் விமானம் விழுந்துவிட்டது என்று டிவியில் வரும்போது உங்களுக்கெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்குமா? உடனே என்ன செய்வீர்கள்?
– வாசகர், மேட்டூர்

ப: இந்தக் கேள்வியைக் கடைசியில் வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சில நேரம் தெரிந்திருக்கும். ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நிற்கிற ஒருவன், “அண்ணா, ஒண்ணு இன்னும் திரும்பல” என்பான். அதற்கு மேல் அவனும் சொல்லமாட்டான், நாமும் தோண்டக் கூடாது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பது ஒரே ஒரு கட்டளைதான்: முதல்ல வீட்டுக்கு, அப்புறம்தான் குழுவுக்கு. அதாவது, விமானத்தில் இருந்தவர்களின் வீட்டுக்குப் படை அதிகாரபூர்வமாகச் சொல்லி முடிக்கும்வரை குழுவில் பெயர் வரக் கூடாது. விமானத்தின் அடையாள எண்ணான டெயில் நம்பர் வரக் கூடாது. “ஆர்.ஐ.பி.” வரவே கூடாது. போட்டவரைக் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுவோம். ஒரு பெரிய ஆபீசரையே எடுத்திருக்கிறோம். பணியில் இருந்தபோது அவருக்கு நின்று சல்யூட் அடித்தவர்தான் பட்டனை அழுத்தினார்.

இந்தக் கட்டளை வந்ததற்குக் காரணம் 2015. ஜூன் 8 ராத்திரி, சென்னையிலிருந்து கண்காணிப்புக்குக் கிளம்பிய சிஜி-791 டோர்னியர் மூன்று பேரோடு காணாமல் போனது. கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கடல். மறுநாள் காலையில் ஊர் முழுக்கச் செய்தி. ஒருவன் “கரை ஒதுங்கிட்டாங்களாம்” என்கிறான், இன்னொருவன் “மீன்பிடிப் படகு காப்பாத்திருச்சாம்” என்கிறான். ஒவ்வொரு வதந்தியும் மூன்று வீடுகளின் வாசலில் போய் நிற்கும். ஒரு தாய் அதை நம்பி எழுந்து முகம் கழுவிக்கொண்டு உட்காருவாள். அப்புறம் அது பொய் என்று வரும். தேடல் ஒரு மாதத்தைத் தாண்டியது. கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் கடலுக்கடியில் சிக்னலைப் பிடித்தது. ரிலையன்ஸ் கொடுத்த ஒலிம்பிக் கேன்யன் என்ற கப்பல் எந்திரத்தை இறக்கி, ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்திலிருந்து கறுப்புப் பெட்டியை ஜூலையில் எடுத்தது. அந்த ஒரு மாதமும் இங்கே ஏற்காட்டில் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பேசியவர்களில் பாதிப் பேர் எதையும் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. “சாப்பிட்டியாடா?” என்பதோடு சரி.

2024 செப்டம்பரில் போர்பந்தருக்கு அப்பால், ஒரு டேங்கர் கப்பலில் காயம்பட்ட மாலுமியைத் தூக்கி வரப் போன துருவ் கடலில் விழுந்து மூன்று பேரை இழந்தோம். 2025 ஜனவரி 5-ல் அதே போர்பந்தர் விமான நிலையத்திலேயே இன்னொரு துருவ். மறுபடி மூன்று பேர். அதன் பிறகு நாடு முழுக்க முப்படையிலும் அந்த ரக ஹெலிகாப்டர்களைத் தரையில் நிறுத்தினார்கள். அந்த வருஷம் எங்கள் கூட்டத்தில் பாட்டு வைக்கவில்லை. டெக்னீஷியன் என்பதால் பலர் என்னிடம் “எதனால விழுந்தது?” என்று கேட்டார்கள். விசாரணை செய்கிறவர்கள் கையில் உடைந்த பாகம் இருக்கிறது, என் கையில் காப்பிக் கோப்பைதான் இருக்கிறது என்றேன். கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

உடனே என்ன செய்வோம் என்று கேட்டிருக்கிறீர்கள். நோட்டைத் திறப்போம். அந்த வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் ஆள் யார் என்று பார்ப்போம். அவர் தன் மனைவியோடு போய் அங்கே உட்காருவார். பேச வேண்டியதில்லை. வாசலில் மைக்கோடு நிற்பவர்களுக்குப் பதில் சொல்வது, பால் வாங்குவது, பிள்ளைகளைக் குளிக்க வைப்பது, இவ்வளவுதான் வேலை.

கே: என் அப்பா படையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பிறகு அம்மாவுக்குப் பென்ஷன் வருவதில் சிக்கல் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். இப்போதே என்ன செய்து வைக்கலாம்?
– வாசகி, அம்மாப்பேட்டை

ப: புத்திசாலியம்மா நீ. அப்பா நன்றாக இருக்கும்போதே கேட்கிறாய்.

முதலில் பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவை எடுத்து, அதில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கிறதா என்று பார். பிறகு அதையும் அம்மாவின் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு. நம் ஊர் ஆட்களுக்குச் சிக்கலே இங்கேதான். நமக்கு இனிஷியல் முன்னால் இருக்கும். வடக்கே இருக்கும் ஆபீசில் அதை விரித்து, அப்பா பெயரைப் பின்னால் போட்டுக் குடும்பப் பெயராக்கியிருப்பார்கள். அம்மாவுக்கு ஓர் இடத்தில் அவங்க அப்பா இனிஷியல், இன்னோர் இடத்தில் கணவர் இனிஷியல். நான் பார்த்த ஒரு வீட்டில் ‘லட்சுமி’ மூன்று காகிதத்தில் மூன்று விதமான ஆங்கில எழுத்தில் இருந்தது. மனிதர் போன பிறகு அந்த அம்மா ஒரு வங்கிக்கும் இன்னோர் அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தார். அப்பா கையெழுத்துப் போட இருக்கும்போது திருத்துவது சுலபம்.

பென்ஷன் கணக்கை அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்காக மாற்றி வையுங்கள். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். போனில் முகத்தைக் காட்டியே ‘ஜீவன் பிரமாண்’ எடுக்கலாம், தபால்காரரை வீட்டுக்கு வரச்சொல்லியும் எடுக்கலாம். மலைக் கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தபால்காரர்தான் சௌகரியம், சிக்னல் இல்லாத இடத்தில் முகத்தைக் காட்டி என்ன பிரயோஜனம்? எங்கள் கூட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்குகிறோம். எல்லோரும் ஃபைலோடு வர வேண்டும். என்னைக் கேட்டால், அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் கூட்டமே. கொள்ளைக்காரனைப் பிடித்த கதை அதற்கு ஊறுகாய்.

கே: நான் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. கோஸ்ட் கார்டில் விமானியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாரும் கடலையே சரியாகப் பார்த்ததில்லை. முடியுமா?
– மாணவர், ஆத்தூர்

ப: நானும் வேலைக்குச் சேரும் முன் மேட்டூர் அணையைத்தான் பெரிய தண்ணீர் என்று நினைத்திருந்தேன் தம்பி. கடல் பார்த்திருக்க வேண்டும் என்று எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும், கையில் ஒரு டிகிரியும் கேட்பார்கள். விமானிகள் சேரும் அசிஸ்டன்ட் கமாண்டன்ட் என்ற அதிகாரி பதவிக்கு சி.ஜி.கேட் என்ற தேர்வு, அதன் பிறகு இரண்டு கட்டத் தேர்வுக் குழு, கடைசியில் மருத்துவப் பரிசோதனை. அடிப்படைப் பயிற்சி கேரளாவில் எழிமலை கடற்படை அகாடமியில். ஹெலிகாப்டருக்குப் போனால் அரக்கோணத்தில் ராஜாளி என்ற கடற்படை விமானத் தளத்தில் பழகுவாய். சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிற வழிதான். மதிப்பெண், வயது வரம்பெல்லாம் அந்தந்த அறிவிப்பில் பார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நம்பாதே.

ஓர் அறிவுரை: கண் பரிசோதனையை இப்போதே சேலத்தில் செய்துகொள், நிறக்குறைபாடு உட்பட. கடைசிக் கட்டத்தில் கண்ணால் திரும்பி வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். விமானியாக முடியாவிட்டாலும், விமானம் இருக்கும் இடத்தில் வேலைக்குப் பஞ்சம் இல்லை. நானே சாட்சி.

கே: கடலோரக் காவல் படையும் கடலோரப் போலீஸும் ஒன்றுதானே?
– வாசகர், வாழப்பாடி

ப: இல்லைங்க. தமிழ்நாடு போலீஸின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மாநில அரசுடையது, கரையை ஒட்டிய நீரைப் பார்த்துக்கொள்ளும், அழைப்பு எண் 1093. நாங்கள் மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறோம், 200 கடல் மைல் வரை எங்கள் பொறுப்பு, எண் 1554. வாழப்பாடியில் இருந்துகொண்டு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். ராமேஸ்வரத்தில் படகு ஏறும்போது போனில் போட்டு வையுங்கள்.

கே: விமானியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். டெக்னீஷியன் அப்படி என்ன வேலை செய்வார்?
– வாசகர், கோரிமேடு

ப: நல்ல வேளை, ஒருவராவது கேட்டீர்கள்! கழுவுவோம்.

சிரிக்காதீர்கள். கப்பலின் பெயரைப் படிக்கும் அளவுக்குத் தாழ்வாகக் கடல்மேல் பறந்துவிட்டு வரும் டோர்னியரின் இறக்கை விளிம்பை விரலால் தடவினால் பிசுபிசுக்கும். அத்தனையும் உப்பு. விட்டால் ரிவெட்டைச் சுற்றி அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், பெயின்ட் கொப்புளிக்கும், அப்புறம் தகட்டையே தின்னும். அதனால் நல்ல தண்ணீரில் முழு விமானத்தையும் அலச வேண்டும். இன்ஜினுக்குத் தனி. பற்ற வைக்காமல் ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றவிட்டு, உப்பில்லாத சுத்த நீரை வாய்வழியாகப் பீய்ச்ச வேண்டும். பிறகு இன்ஜினை ஓட்டி உலர்த்த வேண்டும். உலர்ந்த பிறகு துரு பிடிக்காமல் இருக்க மருந்து. இது முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாது. கருவிப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே இடம் வரைந்திருக்கும். ஓர் இடம் காலியாக இருந்தால் அது கிடைக்கும்வரை அந்த விமானம் நகராது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவருக்காகத் தரையில் தவழ்ந்து தேடியிருக்கிறோம். அப்போது டார்ச் பிடித்துக்கொண்டு எங்களோடு தவழ்ந்த ஒரு விமானி இன்றைக்கும் ஏற்காட்டுக்கு வந்தால் என் வீட்டில்தான் தங்குவார்.

என் மனைவிக்கு இன்னும் ஆச்சரியம். அவ்வளவு கழுவிய மனுஷன் வீட்டில் ஒரு தட்டைக் கழுவமாட்டேன் என்கிறாரே என்று.

கே: சேர்வராயன் கோயில் உச்சியில் நின்றால் கடல் தெரியும் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா?
– ஏழாம் வகுப்பு மாணவி, நாகலூர்

ப: தெரியாது கண்ணு. வானம் தெளிந்திருந்தால் லேடீஸ் சீட்டிலிருந்து மேட்டூர் அணை தெரியும். தாத்தாவிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே, அடுத்த வாரம் அவரிடம்தான் மிளகு விற்கப் போகிறேன்.