சந்தாவை நிறுத்தினால் பழைய இதழ்கள் கிடைக்குமா? நூலகர்களுக்கான கேள்வி பதில்

கே: பத்து வருடமாகப் பணம் கட்டிய ஆய்விதழ்த் தொகுப்பை நிறுத்தப் போகிறோம். பழைய இதழ்கள் எங்களுக்குத்தானே?

ப: பணம் கட்டியது போதாது, ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். 'நிரந்தர அணுகல்' என்றோ 'ஒப்பந்தம் முடிந்த பின்' என்றோ வரும் பத்தியை எடுத்து, எந்தத் தலைப்புகள் (அதாவது எந்த இதழ்கள்), எந்த ஆண்டுகள், எந்த வழியில் என்று பாருங்கள். பெரிய தொகுப்புகளில் பலரும் ஏமாறுவது தலைப்பில்தான். 800 இதழ்கள் திறந்திருக்கும். நிரந்தர உரிமையோ உங்கள் பெயரில் சந்தா உள்ள 60க்கு மட்டும் இருக்கலாம். மீதி தொகுப்போடு போய்விடும். ஆண்டிலும் கவனம் வேண்டும். 2014 முதல் 2023 வரை சந்தா என்றால், பெரும்பாலும் அந்த ஆண்டுகளின் இதழ்களுக்குத்தான் உரிமை. 1997 முதல் திறந்திருந்தது சலுகையாக இருந்தால் அதுவும் மூடும். பழைய தொகுதிகளைத் தனி விலைக்கு வாங்கியிருந்தால் கதை வேறு.

கே: சார், பழைய ஒப்பந்தமே கைவசம் இல்லை. என்ன செய்வது?

ப: சந்தா முகவரிடமும் நூலகக் கூட்டமைப்பிடமும் நகல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஆண்டு வாரியான பில்களும், அவற்றோடு வந்த தலைப்புப் பட்டியலும்தான் ஆதாரம். ஒரு அட்டவணை போடுங்கள்: ஐஎஸ்எஸ்என் (இதழுக்கான அடையாள எண்), இதழின் பெயர், முதல் ஆண்டும் தொகுதியும், கடைசி ஆண்டும் தொகுதியும், எந்த பில். இதழின் பெயர் கணிசமாக மாறினால் ஐஎஸ்எஸ்என்னும் மாறும்; பழைய எண்ணை விட்டுவிட்டால் அந்த ஆண்டுகள் பட்டியலில் விழுந்துவிடும். நிறுத்துவதற்கு முன்பே பதிப்பகத்துக்கு அனுப்பி, 'ஆம், இவை உங்களுக்கு உண்டு' என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுத்திய பிறகு உங்கள் மின்னஞ்சலுக்கு யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

கே: பல பதிப்பகங்களின் இதழ்களைத் திரட்டித் தரும் தரவுத்தளத்துக்கும் இதே உரிமை உண்டா?

ப: பொதுவாகக் கிடையாது. அது வாடகை.

கே: ஜனவரியில் எல்லாம் திறந்தது, மார்ச்சில் மூடிவிட்டது. ஏன்?

ப: புதுப்பிப்பு தாமதமாகலாம் என்று பல பதிப்பகங்கள் சில வாரங்கள் அவகாசம் விடும். ஜனவரியில் சோதித்துவிட்டு நிம்மதியானால் இப்படித்தான் ஆகும். அவகாசம் முடிந்ததும், உங்கள் நிறுவன ஐபி முகவரியிலிருந்து, தனிக் கணக்கில் நுழையாமல், ஒவ்வொரு தலைப்பிலும் மூன்று கட்டுரைகளைத் திறங்கள்: உரிமையின் முதல் ஆண்டு, நடு ஆண்டு, கடைசி ஆண்டின் கடைசி இதழ். சுருக்கம் வந்தால் போதாது, பிடிஎஃப் இறங்க வேண்டும். திறந்த அணுகல் கட்டுரையில் சோதிக்காதீர்கள். அது எல்லோருக்குமே திறக்கும். 2023 டிசம்பர் இதழ் 2024இல் வெளியாகியிருந்தால் அது உங்கள் 2023 சந்தாவில் சேர்ந்தது. அதை விடாமல் கேளுங்கள்.

கே: வாசகர்கள் இணைப்பைச் சொடுக்கினால் பணம் கேட்கும் பக்கம் வருகிறது.

ப: வாசகரைக் கட்டுரைக்குக் கொண்டுபோகும் மென்பொருளான லிங்க் ரிசால்வரில் முடிவுத் தேதி போடவில்லை. அதற்கு இதழ்களையும் ஆண்டுகளையும் பட்டியலிட்டுத் தரும் கேபார்ட் கோப்பில் கடைசி இதழின் தேதி காலியாக இருந்தால் 'இன்றுவரை' என்று பொருள். அங்கே 2023இன் கடைசி இதழின் தேதி, தொகுதி, இதழ் எண்ணை நிரப்புங்கள். தொகுப்பு முழுவதையும் அணைத்துவிடாதீர்கள், உரிமையுள்ள 60 தலைப்புகளும் மறைந்துவிடும்.

கே: மின்னிதழ்களைப் பாதுகாத்து வைக்கும் போர்டிகோ, கிளாக்ஸ் காப்பகங்கள் இருக்கும்போது கவலை எதற்கு?

ப: அவை முதன்மையாக வேறு ஆபத்துக்கானவை. கிளாக்ஸில் உள்ள இதழ் வேறெங்கும் கிடைக்காமல் போனால்தான் திறக்கும், அப்போது எல்லோருக்கும் திறக்கும். நீங்கள் சந்தாவை நிறுத்தியதற்காகத் திறக்காது. போர்டிகோவில், பதிப்பகம் அதற்குச் சம்மதித்திருந்து நீங்களும் உறுப்பினராக இருந்தால், சந்தா நின்ற பின்னும் உரிமை கோரலாம். லாக்ஸ் என்ற மென்பொருள், நூலகத்தின் சொந்தக் கணினியிலேயே இதழ்களின் பிரதியைச் சேர்ப்பது. சந்தா உயிரோடு இருக்கும்போதே சேர்த்திருக்க வேண்டும்.

கே: இதழ் வேறு பதிப்பகத்துக்குப் போய்விட்டதே?

ப: அதே அட்டவணையையும் பில்களையும் புதிய பதிப்பகத்துக்கு அனுப்புங்கள், பழையவருக்கும் ஒரு நகல். உரிமையுள்ள நூலகங்களின் பட்டியலைக் கைமாற்றும்போது பெயர்கள் விடுபடுவது சகஜம். அப்படியே தளக் கட்டணம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். நடப்புச் சந்தா இல்லாதவர்களிடம் ஆண்டுதோறும் அதை வாங்கும் பதிப்பகங்கள் உண்டு.