தொலைக்காட்சியைக் கணினியில் பதிவதா, ஹார்ட் டிஸ்க் ரெக்கார்டரில் பதிவதா?

ஹார்ட் டிஸ்க் ரெக்கார்டர் என்பது நிகழ்ச்சிகளைத் தன்னுள் இருக்கும் வன்தட்டில் பதிவதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி. டிவி டியூனர் (ஒளிபரப்பைப் பிடித்துத் தரும் கருவி) பொருத்திய கணினியும் அதே வேலையைச் செய்யும்.

அம்பாறை வயல்களில் உழவு இயந்திரம் உழும், சுமைப் பெட்டி இழுக்கும், தண்ணீரும் இறைக்கும். அறுவடை இயந்திரமோ அறுவடை மட்டுமே செய்யும். கணினி முதலாவது வகை, ரெக்கார்டர் இரண்டாவது.

அன்டெனா வழியே வரும் அனலாக் படத்தை அந்தக் கணத்திலேயே டிஜிட்டலாக்கிச் சுருக்க வேண்டும். சாதாரண டியூனர்கள் இந்தச் சுமையைக் கணினியின் தலையில் வைக்கின்றன. அப்போது வைரஸ் சோதனையோ அப்டேட்டோ தொடங்கினால் படம் துண்டுபடும். ரெக்கார்டரில் இதற்கெனத் தனிச் சில்லு (சிப்) உண்டு. டிஜிட்டல் ஒளிபரப்பு சுருக்கப்பட்டே வருவதால் சுமை குறைவு. சாதாரணத் தரத்தில் மணிக்குச் சுமார் 2 ஜிபி இடம் போதும். ஆனால் கட்டணச் சேனல்கள் பூட்டப்பட்டு வருவதால், கணினி டியூனர் பெரும்பாலும் அவற்றைத் திறக்காது.

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் நேரடியாக ஒளிபரப்பானால், நான் ரெக்கார்டரையே நம்புவேன். வெட்டித் தொகுத்து வெளிநாட்டு உறவுகளுக்கு அனுப்பவேண்டுமென்றால் கணினிதான் வசதி. மின்வெட்டு இரண்டையுமே நிறுத்திவிடும், யுபிஎஸ் அவசியம்.

ரெக்கார்டரின் வன்தட்டைக் கழற்றிக் கணினியில் செருகினால் படம் ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். பல பெட்டிகளில் பதிவு அந்தப் பெட்டிக்கே பூட்டப்பட்டிருக்கும், கணினி கேட்கிறதே என்று ஃபார்மட் செய்தால் அனைத்தும் அழிந்துவிடும்.